சாப்பாட்டு நேரம் மாறியது, மாத்திரை நேரம் மாறவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 58 வயதுப் பெண். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், கொஞ்சம் நிலம், மகன் சிங்கப்பூரில், வீட்டில் மருமகளும் பேரனும். சுகர் வந்து 11 வருடம், பிரஷர் வந்து 6 வருடம். உயரம் 152 சென்டிமீட்டர், எடை 74 கிலோ, அதாவது உடல் நிறை குறியீட்டெண் 32. நம் நாட்டு உடல்வாகுக்கு 25க்கு மேல் போனாலே உடல் பருமன் என்று கணக்கு. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆளை அடையாளம் காணக் கூடாது என்பதற்காகக் குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன், எழுதுவதற்கு அவரிடமே சம்மதமும் வாங்கியிருக்கிறேன். மருந்து, அளவு, பரிசோதனை முடிவு எல்லாம் நடந்தது நடந்தபடி.

எங்களிடம் அவரைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம் "பக்கவாதம்". புரட்டாசி மாதம், ஊரெங்கும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்த வாரம் அது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மருமகள் வாசல் தெளிக்க எழுந்து வந்திருக்கிறார், அத்தை இன்னும் படுத்தே கிடக்கிறார், தினமும் வீட்டில் முதலில் எழுகிறவர் அவர்தான் என்பதால் அப்போதே சந்தேகம். தொட்டுப் பார்த்தால் புடவையும் தலையணையும் வேர்வையில் நனைந்து சில்லென்று இருக்கிறது. கூப்பிட்டால் முனகல்தான் வருகிறது, வலது கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழுகிறது. "அத்தைக்குக் கை விழுந்துடுச்சு" என்று கத்தி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, ஒரு காரில் போட்டு, ஆறேகாலுக்கெல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள். வருகிற வழியில் வாயில் எதையும் ஊற்றவில்லை, அது பெரிய புண்ணியம். நினைவு தப்பிக் கிடக்கிறவர் வாயில் தண்ணீரோ சர்க்கரைக் கரைசலோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் அது தனி ஆபத்தாகிவிடும்.

பக்கவாதம் என்று வருகிற யாருக்கும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், ஸ்கேனுக்கு அனுப்புவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எங்கள் செவிலியர் பார்த்தார். 34. சாதாரணமாக 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 54க்குக் கீழே போனால் மூளை தடுமாற ஆரம்பிக்கும். ரத்த அழுத்தம் 96க்கு 60. இருபத்தைந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 100 மில்லி நரம்பில் ஏற்றினோம், பாதி போவதற்குள் கண்ணைத் திறந்து, "என்னடி இது, எங்க கொண்டாந்து போட்டுருக்கீங்க" என்று மருமகளைக் கேட்டார். அரை மணி நேரத்தில் வலது கை பழையபடி ஆகிவிட்டது. மூளை ஸ்கேனும் எடுத்துப் பார்த்தோம், அதில் ஒன்றும் இல்லை. சர்க்கரை ரொம்பத் தாழ்ந்தால் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே ஒரு பக்கம் கை கால் செயலிழக்கும், இது அரிதாக நடந்தாலும் மருத்துவப் புத்தகங்களில் உள்ளதுதான். சர்க்கரை பார்க்காமல் அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

எழுந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதும் வீட்டார் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். "சரியாயிடுச்சே சார், நடவு ஆளுங்க வந்து நிப்பாங்க." இந்த இடத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சாப்பிடாமல் இருந்ததால் மட்டும் சர்க்கரை இறங்கியிருந்தால் குளுக்கோஸ் ஏற்றிச் சாப்பிட வைத்து அனுப்பிவிடலாம். மாத்திரையால் இறங்கியிருந்தால், அதுவும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையால் என்றால், ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி இறங்கும், ஏனென்றால் மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். இவருக்கும் அப்படித்தான். மூன்று இட்லி சாப்பிட்ட பிறகும் இரண்டரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 51. பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் தொடர்ந்து ஓட விட்டு, மணிக்கொரு முறை விரலில் குத்திப் பார்த்து, 36 மணி நேரம் ஆனது சர்க்கரை தானாக 100க்கு மேல் நிற்க. அன்று காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போயிருந்தால் மத்தியானம் திண்ணையில் அசந்து தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

மஞ்சள் பையில் இருந்தவை

மருமகள் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்திருந்தார், அதைக் கட்டிலிலேயே கொட்டச் சொன்னேன். கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, அட்டையின் பின்பக்கம் மெடிக்கல்காரர் பேனாவில் "காலை - இரவு சா.மு." என்று எழுதிய எழுத்து கைபட்டு அழிந்து போயிருந்தது. பிரஷருக்கு டெல்மிசார்டான் 40, அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்கிற நீர் பிரியும் மருந்து 12.5. இரண்டும் வருடக்கணக்காக ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவை. மூன்றாவதாக ஒரு அட்டை, முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது, அசிக்ளோஃபெனாக். பத்தில் எட்டு காலி.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பி."

"அதுக்கு முன்னாடி?"

"மத்தியானம் பன்னண்டுக்கு."

"காலையில?"

"காலையில இப்பல்லாம் ஒண்ணும் இல்ல, வெறும் கடுங்காப்பிதான், சக்கர போடாம. கொழுப்பு கரையணும்ல."

இதை அவராகச் சொல்லவில்லை, நாமாகக் கேட்டால்தான் வந்தது. நேரம் பார்த்துச் சாப்பிடுவதை யாரும் மருத்துவ விஷயமாக நினைப்பதில்லை. மருந்து எதுவும் புதிதாகச் சாப்பிட்டீர்களா என்றால் இல்லை என்பார்கள், உண்மைதான். நாட்டு மருந்து? இல்லை. ஆனால் ஆறு வாரமாகக் காலைச் சாப்பாடே கிடையாது.

கதை ஆவணியில் ஆரம்பிக்கிறது. மூட்டு மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், எப்படி என்று யாரும் சொல்லவில்லை. மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறார்: 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு, நோபல் பரிசு வாங்கிய அறிவியல். பாசத்தில் அனுப்பியதுதான், அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். இவரும் நெஞ்சுறுதி உள்ளவர், ஏகாதசி, சஷ்டி, புரட்டாசிச் சனி என்று ஆயுசு முழுக்க விரதம் இருந்து பழகியவர், இது என்ன பிரமாதம் என்று ஆரம்பித்துவிட்டார். பகல் 12 முதல் இரவு 8 வரை சாப்பாடு. காலையில் எப்போதும் குடிக்கிற நீராகாரமும் பழைய சோறும் மோரும் நின்றது. இரண்டு வாரத்தில் 3 கிலோ குறைந்தது, ஊரே கேட்டது. அப்புறம் எடை அப்படியே நின்றுவிட, சாப்பாட்டு நேரத்தைச் சாயங்காலம் 6 மணியோடு முடித்துக்கொண்டார். ஆக, பட்டினி 18 மணி நேரம்.

மாத்திரை? அது பாட்டுக்குக் காலை 7 மணிக்கு ஒன்று, இரவு படுக்கப் போகும்போது எட்டரை, ஒன்பதுக்கு ஒன்று. ஒரு நாள் விடவில்லை. மாத்திரையை விடக் கூடாது என்று 11 வருடமாக நாங்கள்தான் சொல்லி வைத்திருக்கிறோம், அவரும் அதைக் கேட்டு நடந்திருக்கிறார்.

மூன்றாவது வாரத்திலிருந்தே உடம்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பத்து, பதினொரு மணிக்குக் கை நடுக்கம், படபடப்பு, வேர்வை, கண் இருட்டு, காரணமில்லாத எரிச்சல். "பேரன்கிட்ட அநியாயத்துக்குக் கத்துவேன், அப்புறம் சாப்பிட்டதும் சரியாயிடும்." இதைவிடத் தெளிவாகத் தாழ்சர்க்கரையைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீடியோவில், முதல் சில வாரம் உடம்பு பழகும், நச்சு வெளியேறும், கிறுகிறுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம் என்று இருந்திருக்கிறது. சுகர் மாத்திரை சாப்பிடாதவருக்கு அது ஓரளவு சரி, முதல் வாரங்களில் தலைவலியும் அசதியும் வந்து போவது உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு ஆபத்து என்று வீடியோ போடுகிறவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

உள்ளே என்ன நடந்தது

ஆரோக்கியமான ஒருவர் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஏன் 34க்கு இறங்குவதில்லை? கல்லீரலில் கிளைகோஜனாக 80 முதல் 100 கிராம் வரை சேமிப்பு இருக்கிறது. சாப்பாடு நின்றதும் இன்சுலின் குறையும், இன்சுலின் குறைந்தால்தான் கல்லீரல் அந்தச் சேமிப்பைத் திறந்து விடும், அது தீரத் தீரக் கொழுப்பு எரியும், புதிய குளுக்கோஸும் தயாராகும். கிளிமிபிரைடு செய்வது என்னவென்றால், சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், ஒரு மாத்திரையின் வேலை 24 மணி நேரம் வரை நீளும். இன்சுலின் இறங்காவிட்டால் கல்லீரல் திறக்காது. மேட்டூரில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் மதகைத் திறக்கவில்லை என்றால் கடைமடைக்கு என்ன வந்து சேரும், அந்த நிலைமைதான் மூளைக்கு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி இவருக்கு 7.1, அதாவது சர்க்கரை ஏற்கெனவே நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், இறங்குவதற்கு அவர்களுக்கு இடமே இல்லை. அதோடு 5 கிலோ எடை குறைந்ததில் இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், பழைய மாத்திரை அளவு புது உடம்புக்கு அதிகம். விரதம் பலன் கொடுத்ததால்தான் மாத்திரை விஷமானது என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆனால் ஆறு வாரம் தாங்கிய உடம்பு அந்த ஒரு ராத்திரி ஏன் சாய்ந்தது? ரத்தப் பரிசோதனையில் பதில் கிடைத்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.7, மூன்று மாதத்துக்கு முன் 0.9. பொட்டாசியம் 5.6. சிறுநீரகம் பாதிக்கு மேல் சுணங்கியிருக்கிறது. கிளிமிபிரைடு கல்லீரலில் உடைந்து உண்டாகிற பொருளுக்கும் சர்க்கரையைக் குறைக்கிற சக்தி கொஞ்சம் உண்டு, அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சுணங்கினால் மாத்திரையின் வேலை நீண்டுகொண்டே போகும்.

சிறுநீரகம் ஏன் சுணங்கியது? முந்தைய இரண்டு நாளும் நடவு வயலில் வரப்பிலேயே நின்றிருக்கிறார், காலையில் நீராகாரம் இல்லை, உப்பு இல்லை. தண்ணீராவது குடித்தீர்களா என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்கினார், மருமகள்தான் சொன்னார்: வயலில் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் பெண்கள் யாருமே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நிற்க நிற்க முழங்கால் வலி, அதற்கு வெறும் வயிற்றில் அசிக்ளோஃபெனாக். டெல்மிசார்டான் மாதிரி பிரஷர் மருந்து, நீர் பிரியும் மருந்து, வலி மாத்திரை, இந்த மூன்றும் உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகத்தை அமுக்கிவிடும் என்பது மருத்துவத்தில் பேர் போன கூட்டணி. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல மருந்துகள்தான். பிரஷர் 96க்கு 60 ஆனதும் இப்படித்தான், எடை குறையும்போதும் பட்டினியிலும் பிரஷர் தானாக இறங்கும், அதற்கேற்ப மாத்திரையைக் குறைக்காவிட்டால் எழுந்து நின்றதும் கண் இருட்டும். கிணற்றடியில், படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு.

அப்படியானால் இந்த விரதமே தப்பா?

இல்லை. ஆராய்ச்சிகள் சொல்வதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரத்தில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் கவனித்து 2022இல் வெளியிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு குறைந்த கலோரி, ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பிட வேண்டும். நேரம் பார்த்தவர்களுக்கு 8 கிலோ, பார்க்காதவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது, புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. 2020இல் வந்த அமெரிக்க ஆய்வில் 116 பேர், 12 வாரம், பகல் 12 முதல் இரவு 8 வரை சாப்பாடு, நம் நோயாளி ஆரம்பித்த அதே நேரம். அப்படி விரதம் இருந்தவர்களுக்குச் சராசரியாக 0.94 கிலோ, மூன்று வேளையும் சாப்பிட்டவர்களுக்கு 0.68 கிலோ குறைந்தது. அது மட்டுமல்ல, விரதம் இருந்தவர்களுக்குக் கை கால் தசையும் குறைந்திருந்தது. முழங்கால் தேய்ந்தவருக்குத் தொடைத் தசைதான் மூட்டைத் தாங்குகிறது, அதைக் கரைத்துவிட்டு எடை குறைந்து என்ன பயன்? முதல் இரண்டு வாரத்தில் குறைகிற அந்த 3 கிலோவிலும் நிறைய நீர்தான், ஒரு கிராம் கிளைகோஜன் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது தீரும்போது தண்ணீரும் போய்விடும்.

ஆக, இதில் மாயம் எதுவும் இல்லை, கெடுதலும் எல்லோருக்கும் இல்லை. வேறு நோயோ மருந்தோ இல்லாத ஒரு முப்பது வயதுக்காரருக்கு ராத்திரி பத்து மணிப் பரோட்டாவை நிறுத்த இது ஒரு எளிய வழி. எண்ணி எண்ணிச் சாப்பிடுவதைவிட நேரம் பார்த்துச் சாப்பிடுவது சிலருக்குச் சுலபம், அப்படிப்பட்டவர்களுக்கு நான் தடை சொல்வதே இல்லை.

நோபல் பரிசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வீடியோவிலும் அது வருகிறது. 2016இல் ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை, பட்டினி போட்ட ஈஸ்ட் செல்கள் தன் கழிவைத் தானே தின்று சுத்தம் செய்வது எப்படி, எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்று கண்டுபிடித்ததற்காக. மனிதர்கள் 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் எடை குறையும் என்று சொன்னதற்காக இல்லை. அதே மாதிரி எதிர்ப் பக்கத்திலும் ஒரு பரபரப்பு நடந்தது. 2024 மார்ச்சில் சிகாகோவில் ஒரு மருத்துவ மாநாட்டில், 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் 91 சதவீதம் அதிகம் என்று ஓர் ஆய்வைச் சொன்னார்கள், மறுநாள் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அந்த ஆய்வில் மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை இரண்டே நாள் ஞாபகத்திலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். நோயாளி ஒருவர் பசியில்லாமல் குறைந்த நேரம் சாப்பிட்டாலும் அந்தக் கணக்கில் விரதக்காரர்தான். அதை வைத்துப் பயமுறுத்துவதும் நியாயம் இல்லை.

நமக்கு வேண்டிய ஆய்வு நியூசிலாந்தில் நடந்தது, 2018இல் வெளியானது, சின்ன ஆய்வு, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் 41 பேர். வாரத்தில் இரண்டு நாள் விரதம், அந்த நாட்களில் மருந்தையும் முன்கூட்டியே குறைத்துக் கொடுத்தார்கள். அப்படியும் விரத நாட்களில் தாழ்சர்க்கரை இரண்டு மடங்கு. ஆஸ்திரேலியாவில் அதே வருடம் வந்த 137 பேர் ஆய்விலும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளையும் இன்சுலினையும் ஆரம்பத்திலேயே குறைத்த பிறகுதான் விரதத்தைத் தொடங்கினார்கள். 'சுகர் உள்ளவர்களும் பாதுகாப்பாக இருக்கலாம் என்று ஆராய்ச்சி சொல்கிறது' என்று யாராவது சொன்னால், அந்த ஆராய்ச்சியில் மருந்தை மாற்றிக் கொடுக்க ஒரு மருத்துவர் கூடவே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்து நோயாளிகளைப் பாருங்கள். ரம்ஜானுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வந்து, "நோன்பு வருது டாக்டர், மாத்திரைய எப்படி மாத்திக்கிறது" என்று கேட்கிறவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அதற்குச் சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது: யாருக்கு ஆபத்து அதிகம் என்று முதலில் பிரிப்பது, ஒரு வேளை கிளிமிபிரைடு என்றால் அதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது, இரு வேளை என்றால் சஹர் நேரத்து, அதாவது விடியலுக்கு முன் சாப்பிடும் நேரத்து, அளவைக் குறைப்பது, சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் அப்போதே நோன்பை முடித்துக்கொள்வது. இவ்வளவு பேர் பாதுகாப்பாக நோன்பு இருப்பதற்கு முன்கூட்டியே கேட்பதுதான் காரணம். எடை குறைக்கிற விரதத்துக்கு மட்டும் யாரும் கேட்டு வருவதில்லை, ரம்ஜான் ஒரு மாதத்தில் முடிந்துவிடும், இதற்கு முடிவே கிடையாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், தனியாகத் தாழ்சர்க்கரை வருவது குறைவு, அதனால் பயமில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த மாத்திரையோடு நீண்ட பட்டினியும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம், சர்க்கரை 250க்குக் கீழேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் இருந்தால் சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள், முக்கியமாக முதல் வகைச் சர்க்கரை (டைப் 1) உள்ளவர்கள், தாமாக இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டையே வெறுக்கிற மன நோய் இருந்தவர்கள், எடை ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கிற முதியவர்கள், இவர்களுக்கும் வேண்டாம். கௌட் உள்ளவர்களுக்குப் பட்டினியில் யூரிக் அமிலம் ஏறி கால் கட்டைவிரல் வீங்கும். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் வேகமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தாழ்சர்க்கரை அபூர்வம், ஆனாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

என்ன செய்தோம்

கிளிமிபிரைடை அன்றோடு நிறுத்தினோம். வலி மாத்திரைக்குப் பதில் பாராசிட்டமால். நீர் மருந்தை எடுத்துவிட்டோம், டெல்மிசார்டானையும் கிரியாட்டினின் இறங்கும் வரை தள்ளி வைத்தோம், மெட்ஃபார்மினையும்தான். மூன்றாவது வாரம் கிரியாட்டினின் 1.0, அதன் பிறகு டெல்மிசார்டானைத் தனியாகவும், மெட்ஃபார்மினைக் குறைந்த அளவில் சிட்டாகிளிப்டினோடும் ஆரம்பித்தோம். சிட்டாகிளிப்டின் சாப்பாடு உள்ளே போனால்தான் வேலை செய்யும் என்பதால் தனியாகத் தாழ்சர்க்கரை கொண்டுவருவது அரிது.

விரதத்தை விடச் சொன்னால் விடுவாரா? "எட குறைஞ்சதுல முட்டி வலி நெசமாவே கொறஞ்சுது தம்பி" என்றார். அதுவும் உண்மைதான், இறங்கிய ஒவ்வொரு கிலோவும் முழங்காலுக்கு லாபம். அவரிடம் அந்த ஆசையைப் பிடுங்கிவிட்டு வெறும் பயத்தைக் கொடுத்து அனுப்பினால் ஆறு மாதத்தில் எடை பழையபடி வந்து நிற்கும். சாயங்காலம் ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடித்து, காலை எட்டு மணிக்கு முதல் சாப்பாடு, நடுவில் 13 மணி நேரம் இடைவெளி, இதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, கூட்டு, மீன் அல்லது முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல். வயலுக்குப் போகிற நாளில் உப்புப் போட்ட மோர் தூக்கில் போக வேண்டும், போகும் முன் மருமகளிடம் அதைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் தொடைப் பயிற்சி தினமும். மருமகளுக்கு விரலில் குத்திப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தோம், 70க்குக் கீழே இருந்து நினைவோடும் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் கொடுக்காமல் 108க்கு அடிப்பது என்று சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டார்கள்.

ஆறு மாதத்தில் எடை 67 கிலோ. எச்பிஏ1சி 6.8, கிளிமிபிரைடு இல்லாமலே.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோகிற சகோதரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறீர்கள், அதோடு, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, ராத்திரி எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். மெடிக்கலில் நிற்கிறவர்களும் கேட்கலாம். டாக்டர்கள் நாமும் "எடையைக் குறைங்க" என்று சொல்லி முடிக்காமல் எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, மருந்துச் சீட்டை அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும்.

இந்த ஐப்பசியில் அவர் வந்து கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கலாமா என்று கேட்டார், இந்தத் தடவை பத்து நாள் முன்னாடியே. சிறுநீரகம், பிரஷர் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒருவேளைச் சாப்பாடும் மற்ற நேரம் பாலும் பழமும் மோரும் என்றால் இருக்கலாம், முழுப் பட்டினி வேண்டாம் என்றேன். ஆறு நாளும் மெட்ஃபார்மின் அந்த ஒருவேளைச் சாப்பாட்டோடு மட்டும், சர்க்கரை காலை, மதியம், படுக்கும் முன் என்று மூன்று தடவை பார்ப்பது, 70க்குக் கீழே போனால் முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார், அங்கேயே முடித்துவிடுவது. மருமகள் எழுதி வந்த நோட்டில் ஆறு நாளிலும் இருந்ததில் குறைந்த அளவு 92.